ஏழாம் மேசையின் வலது தொடையெலும்பு

இடம்: காவல் நிலையம், ஆய்வாளர் அறை. நாள்: 27.11.2024, புதன்கிழமை. நேரம்: காலை 10.40 மணி.

என் பெயர் தேவராஜ். தகப்பனார் பெயர் முனிரத்தினம், காலமாகிவிட்டார். வயது 69. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். நான் விலங்கியலில் இளங்கலையும் மருத்துவ உடற்கூறியலில் முதுகலையும் படித்திருக்கிறேன். 1979 முதல் 2013 வரை அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் துறையில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள அமுதவல்லியார் மருத்துவக் கல்லூரியில் (இனி கல்லூரி என்று சொல்கிறேன்) அதே துறையில், ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் உத்தரவின் பேரில் வேலை பார்த்து வருகிறேன்.

எனக்கு யாரும் அழைப்பாணை கொடுக்கவில்லை. நானாக வந்திருக்கிறேன். இதற்கு முன் 4.10.2024 அன்று கல்லூரியின் விசாரணைக் குழுவிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தின் நகல் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் கடிதம் பொய். அதைச் சொல்லவே வந்தேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மருத்துவப் படிப்பின் முதலாண்டில் மாணவர்கள் இறந்தவர்களின் உடலை அறுத்துப் படிக்கிறார்கள். அதற்கான கூடத்தை டிசெக்‌ஷன் ஹால் என்று சொல்வோம். உடல் வந்ததும் மருந்து ஏற்றி, கெடாதபடி செய்து, தொட்டியில் வைத்திருந்து, ஆண்டு தொடங்கும்போது மேசைக்கு ஓர் உடலாகக் கொடுப்போம். முதலில் கைகள், அதன் பிறகு கால்கள், அதன் பிறகு மார்பு, வயிறு, கடைசியாகத் தலை என்று பாடம் நகரும். கைகால்கள் பாடம் முடிந்ததும் உடலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் தொட்டிக்குப் போய்விடும். ஆண்டு முடிவில் தசைகளை அகற்றி, எலும்புகளை வேகவைத்துச் சுத்தம் செய்து அலமாரியில் அடுக்குவோம்.

நான் அரசுக் கல்லூரியில் இருந்த முப்பத்து நான்கு ஆண்டுகளும் எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் யாரும் கேட்டு வராத உடல்கள். தண்டவாளத்தில் கிடந்தவர்கள், பேருந்து நிலையத்தில் இறந்தவர்கள், சேர்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வராமல் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள். அவர்களின் எலும்புகளை யாரும் வந்து கேட்டதில்லை. கேட்காததால் நாங்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இது வழக்குக்குத் தேவையா என்று தெரியவில்லை. தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.

கல்லூரியில் எங்கள் கூடத்தில் உடலுக்கு எண் போட்ட அலுமினிய வில்லையை இடது கால் பெருவிரலில் மட்டும் கட்டுவது வழக்கம். கால் பிரிக்கப்பட்டதும் எண் காலோடு போய்விடும். மீதி உடலுக்கு அதன் பிறகு அடையாளம் எதுவும் கிடையாது. இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் கட்ட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டில் ஒரு குறிப்பு எழுதினேன். துறைத் தலைவருக்கு அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை சரிபார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அனுப்பவில்லை. அந்தத் தாளை இத்துடன் கொடுக்கிறேன்.

இந்த வழக்கில் சொல்லப்படும் பேபி என்பவர் வெள்ளானூரைச் சேர்ந்தவர். 2013 முதல் 2019 வரை எங்கள் கூடத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருந்தார். அதற்கு முன், முதலில் நடவு வேலையும் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கும் வேலையும் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். புதிதாக வருகிற பணியாளர்கள் கூடத்துக்குள் வர அஞ்சுவார்கள். பேபி அஞ்சவில்லை. மேசை மேல் இருக்கும் உடலைப் பார்த்து, “இன்னா சார், இந்தாளு நேத்தைக்கு இன்னிக்கு எளச்சிட்டாரு, சாப்பாடு ஒத்துக்கலியா?” என்பார். மாணவர்கள் சிரித்தால், “சிரிக்காத, நீயும் நானும் அடுத்த மேசை” என்பார்.

2016-இல் ஆவடியில் ஷேர் ஆட்டோ மோதி அவருக்கு வலது தொடையெலும்பு முறிந்தது. எலும்புக்குள் நீளமாக எஃகுக் கம்பி வைத்து, மேலும் கீழும் திருகு போட்டார்கள். வேலைக்குத் திரும்பி வந்த அன்று எக்ஸ்-ரே படத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன்.

அதன் பிறகு 12.3.2018 அன்று, தன் உடலைக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்று அவரே கேட்டு விண்ணப்பம் வாங்கினார். அப்போது என்னிடம் சொன்னதை நினைவில் உள்ளபடி சொல்கிறேன். “கூட்டிப் பெருக்குன எடந்தானே, இன்னா பயம். நாலு புள்ளைங்க படிக்கட்டும். ஆனா படிச்சி முடிச்சப்பறம் எலும்ப எம் பொண்ணாண்ட குட்துடணும். எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல எடம் வுட்டு வெச்சிகீறேன். நீ எழுது சார். ஒன் கையெழுத்துன்னா நான் நம்புவேன்.” விண்ணப்பத்தில் அப்படி ஒரு பகுதி இல்லை. ஆகவே கீழே காலியாக இருந்த இடத்தில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எலும்புகளை மகள் அனுசுயாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நானே எழுதினேன். அப்போதிருந்த துறைத் தலைவர் ஒப்புதல் கையெழுத்திட்டார். பேபி கைநாட்டு வைத்தார். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன்.

பேபி 3.8.2022 அன்று இறந்தார். அன்று மாலையே அனுசுயா உடலைக் கொண்டுவந்தார். நான்தான் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டேன். எண் 7. அந்த ஆண்டு மாணவர்களுக்கு ஏழாம் மேசை. யார் என்று மாணவர்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. அந்த ஆண்டு முழுவதும் ஏழாம் மேசைக்கு நான் வகுப்பு எடுக்கப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால் பாடம் நடந்தபோது ஒரு மாணவி வந்து, எங்கள் உடலில் கம்பி இருக்கிறது சார் என்று சொன்னார். பாடத்தைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இதற்கிடையே 2023 ஜூன் மாதம் கல்லூரிக்கு அங்கீகார ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. கல்லூரியின் நிர்வாக அலுவலர் டில்லிபாபு 19.6.2023 அன்று என்னை அழைத்தார். எங்கள் துறைத் தலைவர் வேறு ஊரில் குடியிருப்பவர், ஆய்வு நாட்களில் மட்டும் வருவார். ஆகவே துறையில் எது நடந்தாலும் என்னைத்தான் அழைப்பார்கள். எத்தனை உடல்கள் இருக்கின்றன என்று டில்லிபாபு கேட்டார். ஒன்பது என்றேன். பதினைந்து வேண்டும் என்றார். இரண்டு நாளில் ஆறு உடல்களுக்கு எங்கே போவது என்று கேட்டேன். “அதான் தொட்டில கையி காலெல்லாம் ரொம்பிகீதே சார். நீங்க அனாடமி படிச்சவரு. ஜோடிச்சுக் குடுங்க” என்றார்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கோடு போட்ட தாளில் அட்டவணை போட்டேன். ஒன்பது உடல்களிலிருந்து பிரித்த கைகால்கள், முந்தைய ஆண்டுகளில் மிஞ்சிய மார்புக்கூடுகள், தலைகள் எல்லாவற்றையும் கணக்கெடுத்து, துணி போர்த்தினால் வெளியே என்ன தெரியும் என்று பார்த்துப் பதினைந்தாகப் பிரித்தேன். பழைய எண் வில்லைகளைக் கழற்றி ஒரு உறையில் போட்டு, ஒன்று முதல் பதினைந்து வரை புதிய வில்லைகள் கட்டினேன். திரும்பப் பிரிக்க வசதியாக எது எங்கே போகிறது என்று எழுதிவைத்தேன். ஆனால் வழக்கப்படி நான் எழுதியது இடது கால் எண்களைத்தான். வலது கால்களுக்கும் கைகளுக்கும் எண்ணே இல்லை என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலை செய்த ஒருவனுக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். விடை தெரியவில்லை.

இந்த வேலையில் எனக்கு உதவியாக இருந்தவர் கூடத்து உதவியாளர் ஹுமாயூன். பூந்தமல்லியைச் சேர்ந்தவர், வயது 50. ஒவ்வொரு உடலையும் தூக்கும்போது வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்வார். என்ன என்று நான் கேட்டதில்லை. 20-ஆம் தேதி மாலை துணி போர்த்திக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாம் மேசைக்கு அருகில் நின்று, “சார், ரெண்டு காலும் எடது காலு சார்” என்றார். நான் பார்த்தேன். சரிதான். அங்கே நின்றுகொண்டிருந்த டில்லிபாபு, “போத்துய்யா. செத்தவன் இன்னா பரேடுக்கா போவப் போறான்?” என்றார். ஹுமாயூன் என்னைப் பார்த்தார். நான் போர்த்தச் சொன்னேன்.

21.6.2023 அன்று குழுவினர் இருவர் வந்தார்கள். கூடத்தில் பதினொரு நிமிடம் இருந்தார்கள். புதிதாக வாங்கிய தொடுதிரை மேசையில் கணினி உடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். துணியை முதல் மேசையில் மட்டும் விலக்கினார்கள். பன்னிரண்டாம் மேசை வரைக்கும் வரவில்லை. அவர்கள் போன பிறகு, மறுநாள் காலை வகுப்பு இருந்ததால், எல்லாவற்றையும் அவசரமாகத் தொட்டிகளில் போட்டோம். என் அட்டவணை பயன்படவில்லை.

அதன் பிறகு அக்டோபரில் அந்த ஆண்டுப் பாடம் முடிந்தது. நவம்பரில் எலும்புகளை வேகவைத்தபோது, உள்ளே கம்பியோடு ஒரு வலது தொடையெலும்பு வந்தது. ஹுமாயூன் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். “பேபி அக்கா சார் இது” என்றார். நான் அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, அறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மற்ற எலும்புகளில் எவை பேபியுடையவை என்று என்னால் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியாது. இது ஒன்று மட்டும் உறுதி. கம்பியில் பொறித்திருந்த எண்ணை என் நாட்குறிப்பில் 17.11.2023 பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

17.6.2024 திங்கட்கிழமை பக்ரீத். கல்லூரிக்கு விடுமுறை. ஹுமாயூன் வரவில்லை. எலும்பு அறையை ஒழிக்க வேண்டும் என்று டில்லிபாபு என்னை வரச் சொல்லியிருந்ததால் நான் போனேன். உடைந்தவை, பாடத்துக்கு உதவாதவை எல்லாவற்றையும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைகளில் போடுவது வேலை. நடுவில் என் அறைக்கு வந்த டில்லிபாபு அலமாரியில் இருந்த துணியைப் பிரித்துப் பார்த்தார். அதன் பிறகு நடந்த பேச்சு:

“இன்னா சார் இது?”

“உடல் தானம் செய்தவருடையது. மகளிடம் கொடுக்க வேண்டும்.”

“இத மட்டும் குடுப்பீங்க. மிச்சம் எங்கன்னு கேட்டா? கம்பில நம்பரு கீது பாருங்க. ஆஸ்பத்திரில கேட்டா யாரு காலுன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுவான். மத்ததெல்லாம் யாருதுன்னு நீங்க சொல்வீங்களா? மூணாவது மேசைக்காரன் கையி, பதினாலாவது மேசைக்காரன் மண்டைன்னு?”

நான் எலும்பை மறுபடியும் துணியில் சுற்றினேன்.

“அடுத்த மாசம் ஒங்க ஆர்டரு புதுப்பிக்கணும். எழுபது ஆவப் போவுது சார் ஒங்களுக்கு. யோசிச்சுக்குங்க.”

எனக்கு ஓய்வூதியம் வருகிறது. கல்லூரிச் சம்பளம் இல்லாமல் இருக்க முடியும். காலையில் குளித்துவிட்டுப் போவதற்கு ஓர் இடம் இருந்தது, அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

டில்லிபாபு தன் கையால் எதையும் தொடவில்லை. அவர் வெளியே போன பிறகு, அந்த எலும்பைத் துணியோடு மஞ்சள் பையில் போட்டவன் நான். பையின் வாயைக் கட்டியவன் நான். எடைச் சீட்டில், உடைந்த, பயன்படாத எலும்புகள், பதினொரு கிலோ என்று எழுதிக் கையெழுத்திட்டவனும் நான். மறுநாள் காலை 9.15-க்குக் கழிவு வண்டி வந்து எடுத்துப் போனது. பையின் பட்டைக் குறியீட்டு எண்ணும் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்தப் பைகள் எரிக்கப்படும். எஃகு எரியாது என்பதால் கம்பியைச் சாம்பலிலிருந்து எடுத்துப் பழைய இரும்போடு போட்டிருப்பார்கள். இது என் ஊகம், நேரில் பார்க்கவில்லை.

ஹுமாயூன் விடுப்பு முடிந்து வந்ததும் அலமாரியைப் பார்த்துவிட்டு, “அக்கா எங்க சார்?” என்று கேட்டார். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு ஆகஸ்டில் அனுசுயா விண்ணப்பத்தின் நகலோடு வந்தார். இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. ஒரு முழுத் தொகுதியாக ஜோடித்துக் கொடுத்துவிடுங்கள் என்று டில்லிபாபு சொன்னார். நான் மூன்று நாட்கள் அலமாரிகளிலிருந்து எலும்புகளைத் தேர்ந்தெடுத்தேன். பேபியின் உயரம் எனக்குத் தெரியும், வயது தெரியும். அந்த உயரத்துக்கும் வயதுக்கும் பொருந்துகிற பெண்களின் எலும்புகளாகப் பார்த்தேன். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சரியாகப் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தேன். விரல் எலும்புகளை இடது, வலது என்று தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டினேன். ஓர் உடலுக்கு உரிய இருநூற்று ஆறும் இருந்தன. குறைந்தது நான்கு பேருடையவை. அதில் ஏதாவது ஒன்று பேபியுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு. இல்லாமலும் இருக்கலாம். வலது தொடையெலும்பாக முறிவே இல்லாத ஒன்றை வைத்தேன். அடுக்கி முடித்தபோது வேலை நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

9.9.2024 அன்று பெட்டியை அனுசுயாவிடம் கொடுத்தேன். அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அன்று பிற்பகலே வெள்ளானூரில் அவருடைய தகப்பனார் பக்கத்தில் புதைத்தார்கள். புதைப்பதற்கு முன் மஞ்சளும் பூவும் வைக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அவருடைய தாய்மாமன், தொடையில் வைத்த கம்பி எங்கே என்று கேட்டிருக்கிறார். அனுசுயா அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வு வேலை பார்ப்பவர். இரண்டு தொடையெலும்புகளையும் எடுத்துப் பார்த்து, கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார்.

மறுநாள் அவர் கல்லூரிக்கு வந்தபோது நான் உடன் இருந்தேன். கம்பியைச் சுகாதாரம் கருதிக் கழற்றிவிட்டோம் என்று டில்லிபாபு சொன்னார். அதற்கு அனுசுயா படத்தைக் காட்டி, “கம்பிய கழட்டுனீங்க, சரி. தொளைய எப்டி சார் கழட்டுனீங்க?” என்று கேட்டார். ட்ரில் போட்ட துளை எதிலும் மூடாது, தன் வேலையே அதைப் பார்ப்பதுதான் என்றார். டில்லிபாபு விசாரிக்கிறோம் என்றார்.

13.9.2024 அன்று அவர் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். அதன் பிறகு கல்லூரியில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். எலும்புத் தொகுதிகளை ஹுமாயூன் திருடி மாணவர்களுக்கு விற்றுவிட்டதாக முடிவு செய்தார்கள். என்னிடம் வாங்கிய கடிதத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. எலும்பு அறையின் சாவி ஹுமாயூனிடம் இருந்தது. எலும்புகளை வேகவைத்து அடுக்குவது அவர் பொறுப்பு. 2023 நவம்பரில் கம்பி வைத்த எலும்பு அவர் கையில் இருந்ததை நான் பார்த்தேன். மூன்றும் உண்மை. இன்னொரு சாவி என்னிடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

20.10.2024 ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றபோது அனுசுயாவைப் பார்த்தேன். அவரே என்னிடம் வந்து பேசினார். அந்தப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மருத்துவ மாணவர்களிடம் எலும்புத் தொகுதி இருக்கும் என்று கேள்விப்பட்டு, ஞாயிறுதோறும் ஒவ்வொரு அறையாகப் போய், வலது தொடையெலும்பைக் காட்டச் சொல்லிப் பார்த்து வருவதாகச் சொன்னார். பையில் துளை போடும் ட்ரில் பிட் ஒன்று வைத்திருந்தார். திருகுத் துளை அந்த அளவு இருக்கும், மண்ணோ மெழுகோ வைத்து அடைத்திருந்தாலும் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

“இதுவரைக்கும் இருவத்தாறு பாத்துட்டேன் சார். புள்ளைங்க நல்ல புள்ளைங்க. மூஞ்சி சுளிக்காம காட்டுதுங்க. ஒரு பையன் மட்டும், ‘ஆன்ட்டி, பேங்க்ல மாதிரி கே.ஒய்.சி. பண்றீங்களா’ன்னு கிண்டல் பண்ணான்.”

புதைத்ததைத் தோண்டி எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தேன். இல்லை என்றார். “அது யாரோ பாவம். குழி வெட்டியாச்சி, ஜனம் நின்னுகினு கீது, திருப்பி எத்துனு போவ எனக்கு மனசு வல்ல. எங்கப்பா பக்கத்துல கெடந்துட்டுப் போவட்டும், அதுக்கும் ஒரு ஊடு இருந்திருக்கும். ஆனா எங்கம்மா எனக்கு வேணும் சார். ஒரே ஒரு எலும்பு போதும். அந்த ஹுமாயூன் எங்க வித்தான்னு வாயத் தொறந்தா தேவல. நீங்க கேட்டா சொல்லுவானா சார்? எங்கம்மா நம்புன ஆளு நீங்க.”

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். அது என் ஊருக்குப் போகும் பேருந்து அல்ல.

11.11.2024 அன்று ஹுமாயூனைக் கைது செய்து புழல் சிறைக்கு அனுப்பினார்கள். 24-ஆம் தேதி ஞாயிறு காலை அவர் மனைவி ஜரினா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே பேசினார்.

“ஒண்ணு கேக்கறேன் சார், பதில் சொல்லுங்க. அந்தப் பெட்டில எலும்ப அடுக்குனது யாரு?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார்.

“எங்க ஊட்டுக்காரருக்கு எடது கையி சோத்து கையி தெரியும். இருநூத்தி ஆற வரிசையா அடுக்கத் தெரியாது. அது நீங்க படிச்ச படிப்பு. போலீஸ்காரங்களுக்கு அது தோணல, எனக்குத் தோணிச்சி. நேத்து போய் அவரப் பாத்தேன். சாரு மேல கோவமான்னு கேட்டேன். ‘சாருக்குப் பயம், ஆனா வந்துருவாரு, வுடு’ன்றாரு. ரெண்டு வாரமா நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்துனுகீறாரு அந்த மனுஷன். ஏன் சார், முத்தாபுதுப்பேட்டைலேர்ந்து பஸ்சு ஓடலியா?”

அதன் பிறகு அவர் போய்விட்டார். நான் திங்கட்கிழமை புறப்பட்டேன். நிலையத்தின் எதிரில் இறங்கி, அரை மணி நேரம் தேநீர்க் கடையில் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நாட்குறிப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன். இன்று வந்திருக்கிறேன்.

ஆகவே நான் சொல்வது இது. ஹுமாயூன் எந்த எலும்பையும் திருடவில்லை, விற்கவில்லை. பேபியின் வலது தொடையெலும்பை என் கையால் கழிவில் போட்டேன். அவருடைய மற்ற எலும்புகளைப் பிறருடையவற்றோடு கலக்கவிட்டேன். அவருடைய மகளுக்கு வேறு யாருடைய எலும்புகளையோ தெரிந்தே ஜோடித்துக் கொடுத்தேன். டில்லிபாபு சொன்னதால் செய்தேன் என்பது உண்மை. சொன்னதை மறுத்திருக்கலாம் என்பதும் உண்மை. நாட்குறிப்பு, 2019-இல் எழுதிய குறிப்பு, 2023 ஜூன் மாத அட்டவணைத் தாள், பழைய எண் வில்லைகள் ஒன்பது உள்ள உறை, எலும்பு அறையின் சாவி ஒன்று ஆகியவற்றை ஒப்படைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமையும் அனுசுயா அந்த அறைகளுக்குப் போவார். எந்த மாணவரிடமும் அவர் தேடுவது இல்லை. எரிந்துவிட்டது என்பதை அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவரை இங்கே வரவழைத்து, 17.6.2024 அன்று நடந்ததாக நான் சொன்ன பகுதியை, நான் இருக்கும்போது படித்துக் காட்ட வேண்டும்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்லப் பெண் காவலரால் கணினியில் ஏற்றப்பட்டு, அச்செடுத்து எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. பிறகு நானும் கண்ணாடி அணிந்து ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கின்றன. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னவை, எனக்குத் தெரிந்தவரை உண்மை. திருத்தம் ஒன்று: கடைசிப் பக்கத்தில் வேண்டுகோள் உள்ள பத்தியில் ‘நான் இல்லாத நேரத்தில்’ என்று முதலில் நான் சொல்லி அச்சானதை, என் பேனாவால் அடித்துவிட்டு, ‘நான் இருக்கும்போது’ என்று எழுதியிருக்கிறேன். அடித்ததும் எழுதியதும் நானே.

(ஒப்பம்) மு. தேவராஜ்
27.11.2024, பகல் 1.25 மணி